பரணியில் மிஞ்சிய பழக்கலவை

கிறிஸ்து அரசர் பெருவிழா மாலையில் பழங்களை நறுக்கிப் பரணியில் அடைப்பது, குளச்சலில் உள்ள எங்கள் இல்லத்தின் நெடுநாள் வழக்கம். ஆங்கிலேயர் இதனை 'மின்ஸ்மீட்' என்பர். பெயரில் இறைச்சி உண்டு; பண்டத்தில் இல்லை. இடைக்காலத்தில் கொத்திய இறைச்சியோடு உலர்பழங்களையும் நறுமணப் பொருள்களையும் கலந்தே இதனைச் செய்தனர். காலப்போக்கில் இறைச்சி விலகிற்று. மாட்டுக் கொழுப்பு மட்டும் எஞ்சி நின்றது. எங்கள் பரணியில் அதுவும் கிடையாது.

திருவருகைக் காலத்திற்கு முந்திய ஞாயிறன்றே இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் பண்டங்களுக்கான கலவையைக் கிளறுவர். இறைமக்களின் உள்ளங்களை எழுப்பிவிடுமாறு வேண்டும் பழைய இலத்தீன் மன்றாட்டு அந்நாளுக்கு உரியது. ஆங்கிலத்தில் அதன் முதற்சொல்லுக்குக் 'கிளறிவிடும்' என்ற பொருளும் உண்டு. கோவிலில் அதனைக் கேட்ட இல்லத்தரசியர்க்கு அடுப்படி அகப்பை நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை!

எங்கள் அம்மாவின் அளவு இது: உலர் திராட்சை அரைக் கிலோ, பேரீச்சம்பழம் கால் கிலோ, முந்திரிப்பருப்பு 100 கிராம், ஆப்பிளுக்குப் பதில் ஒரு சிறிய அன்னாசி, இரண்டு ஆரஞ்சுப் பழங்களின் சாறும் துருவிய தோலும், கருப்பட்டிப் பாகு, சுக்கு, சாதிக்காய், மாறாமலைக் கிராம்பு. பிறர் இல்லங்களில் ரம் ஊற்றுவர். குடியால் குலைந்த குடும்பங்களைக் கண்ணெதிரே கண்டவராதலின், அம்மா அதனை வாசலுக்குள் விட்டதில்லை. மது இருந்தால் கலவை பல மாதம் கெடாது. இல்லையெனில், சுண்டக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்தாக வேண்டும்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் வழக்கம்போல் பரணியை நிரப்பினோம். நான்காம் நாள், நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குச் சென்றிருந்தோரைத் தேடிப் பெண்கள் கரையில் நின்றனர். ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டமே இருளில் மூழ்கியது. குளிர்பெட்டி வெறும் அலமாரியாயிற்று. கலவை புளிக்கத் தொடங்குமுன் அம்மா இன்னும் சிறிது கருப்பட்டி சேர்த்து மீண்டும் காய்ச்சினார். எதற்காகக் காக்கிறோம் என்பது எங்களுக்கே விளங்கவில்லை.

எங்களுக்கு வலப்புற வீட்டுக்காரர் இலட்சத்தீவில் கரையேறிப் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். இடப்புற வீட்டுக்காரர் வரவேயில்லை. ஒரு சுவருக்கு அப்பால் நன்றிச் செபம். மறு சுவருக்கு அப்பால் ஒப்பாரி. இடையில் இருந்த நாங்கள் எவ்வாறு கேக் செய்வது? அவ்வாண்டு எங்கள் தெருவில் விண்மீன் விளக்கு எரியவில்லை. நள்ளிரவுத் திருப்பலிக்குச் சென்று, பேச்சின்றித் திரும்பினோம். பரணி மூடியபடியே இருந்தது.

டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று, இடப்புற வீட்டுச் சிறுவன் எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றான். வயது ஆறு. "பாட்டி, இந்த வருசம் கேக்கு இல்லியா?" என்று கேட்டான்.

அம்மாவால் உடனே விடை கூற இயலவில்லை. துக்க வீட்டுக்குக் கஞ்சியும் துவையலும் அனுப்புவதே முறை; இனிப்பு அனுப்புவதில்லை. சிறிது நேரம் பரணியையே பார்த்துக்கொண்டிருந்தவர், பச்சரிசி மாவை எடுத்து வெந்நீர் விட்டுப் பிசைந்தார். பழக்கலவையில் தேங்காய்த் துருவலைச் சேர்த்துப் பூரணமாக்கி, கொழுக்கட்டை பிடித்து ஆவியில் அவித்தார். கேக் அல்ல, கொண்டாட்டமும் அல்ல. பசித்த பிள்ளைக்கு ஒரு பலகாரம், அவ்வளவே.

தட்டை மூடி, அம்மாவே கொண்டுபோனார். ஊரார் என்ன சொல்வரோ என்று எங்களுள் சிலர் தயங்கியதை மறைப்பதற்கில்லை. சிறிது நேரங்கழித்து அச்சிறுவனின் தாய் வெற்றுத் தட்டுடன் வந்தார். துயரச் செய்தி உறுதியானதிலிருந்து சரியாக உண்ணாதிருந்த அவருடைய மாமியார், பேரன் ஊட்டியதால் ஒன்றைத் தின்றாராம். "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. வலப்புற வீட்டுக்கும் அதே கொழுக்கட்டையே சென்றது.

அதன்பின் இக்கலவையைத் தீர்க்கும் வழிகள் பல கற்றோம். மட்டிப்பழத்துடன் மசித்து மாவில் கரைத்துப் பணியாரம் சுடலாம். முந்திரிக்கொத்தின் பயற்றுப் பூரணத்தில் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். சூடான ஆப்பத்தின் நடுவே ஒரு கரண்டி வைக்கலாம். எனினும், ஆண்டுதோறும் கேக்கிற்குப் பாதியே எடுக்கிறோம். மறுபாதி டிசம்பர் 28-க்கு உரியது.

அப்பங்களைப் பகிர்ந்தளித்தபின், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அக்கூடைகள் எவர் வீட்டுக்குச் சென்றன என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. ஒருவேளை, விருந்துக்கு வர இயலாதவர் வீட்டுக்குச் சென்றிருக்கும் என்று நாங்கள் எண்ணிக்கொள்கிறோம்.