சித்தப்பாவின் சர்க்கரையும் தேய்மானக் கணக்கும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் படிக்கிறது பி.காம். ஊசியைப் பார்த்தாலே தலை சுத்துற ரகம். இதில் வர்ற மருத்துவ விஷயமெல்லாம் ஒரு லேப் டெக்னீசியன் அக்கா சொன்னதும், அப்புறம் நானா தேடிப் படிச்சதும்தான்.

போன வருஷம் மே மாசம், செமஸ்டர் லீவு. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப். சாமியானா, பிளாஸ்டிக் சேர், சட்டைக் கையை மடிச்சு விட்டு நிக்கிற வரிசை... நம்ம ஏரியா ஆளுங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன. எனக்கு ஃபார்ம் நிரப்புற வேலை. பேர், எம்ப்ளாயி நம்பர், வயசு, ரத்தம் எடுத்த நேரம். ஒரு நாளுக்கு நானூறு ரூபாய். ரெண்டு மாச ரீசார்ஜ் ஆச்சேன்னு சந்தோஷமா போனேன்.

காலை ஆறரைக்கு ஆரம்பம். நைட் ஷிஃப்ட் முடிச்சவங்கதான் முதலில். அதில் எங்க சித்தப்பாவும் ஒருத்தர். சீக்கிரம் கையை நீட்டிட்டு, ஏழு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டார். கூட்டம் நெருக்க ஆரம்பிச்சதும் நான் நேரக் கட்டத்தை நிரப்புறதை விட்டுட்டேன். கடைசியில் உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி '10.00'னு போட்டேன். ஒரு கட்டம்தானே, யார் பார்க்கப் போறாங்க?

வண்டி பதினொரு மணிக்குத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் டியூப் ஸ்டாண்டு சாமியானாவுக்குக் கீழே, மே மாச வெக்கையில். டிரைவர் அண்ணன் பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி தெர்மாகோல் பெட்டிக்குள்ள கொட்டி, டியூபை எல்லாம் அதுக்கு மேலேயே அடுக்கினார். அப்புறம் படப்பை, வண்டலூர் வழியா சென்னை. அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி மாட்டினவங்களுக்குத் தெரியும். லேபுக்குப் போய்ச் சேர ஒரு மணி ஆயிடுச்சாம்.

ரிசல்ட் வந்தது. ஏழெட்டுப் பேருக்குப் பொட்டாசியம் ஆறுக்கு மேல! மூன்றரையிலிருந்து ஐந்து வரைக்கும்தான் சரியான அளவு. "இதயம் நின்னுடும்"னு எவரோ சொல்லிவிட, ஒருத்தர் வீட்டில் அழுகையே நடந்துச்சு. திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தா எல்லாருக்கும் நார்மல்.

எப்படி? அக்கா சொன்னாங்க: "டியூபுக்குள்ள இருக்கிறதும் உயிருள்ள செல்லுதான் தம்பி." சிவப்பணுவுக்குள்ள பொட்டாசியம் நிறைய இருக்கும். அதை உள்ளேயே வெச்சிருக்க ஒரு பம்ப் ஓடிக்கிட்டே இருக்கு. குளிர்ந்தா பம்ப் மந்தமாகி, பொட்டாசியம் வெளியே கசியும். ஐஸ் நேரா பட்டால் செல்லே உடைஞ்சு மொத்தமா கொட்டும். அதனால முதலில் சென்ட்ரிஃபியூஜில் சுத்தவிட்டு சீரத்தைத் தனியா பிரிக்கணும். அதுக்கப்புறம் குளிரில் வைக்கலாம். 'ரத்தம்னா ஐஸ்ல வை'ன்னு நாம நினைக்கிறது பாதிதான் சரி. அம்மோனியா பார்க்கணும்னா ஐஸ் வேணும். குளிரில் ஒட்டிக்கிற ஆன்டிபாடியைப் பார்க்கணும்னா, உடம்புச் சூடான 37 டிகிரியிலேயே வெச்சு சீரத்தைப் பிரிக்கணும்.

பொட்டாசியம் கூடினவங்களாவது பயந்துபோய் மறுபடி பார்த்துக்கிட்டாங்க. சித்தப்பாவுக்கு சர்க்கரை 96. வெறும் வயித்தில் நூறுக்குக் கீழ, சூப்பர். சித்தி அந்த ரிப்போர்ட்டை சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சாங்க.

நாலு மாசத்தில் ஆறு கிலோ குறைஞ்சார். ராத்திரியில் நாலு தடவை எழுந்தார். காலில் ஷூ கடிச்ச புண் ஆறவே இல்லை. "சுகர் டெஸ்ட் பண்ணுங்க"ன்னு யார் சொன்னாலும், "கேம்ப்லயே நார்மல்ப்பா"ன்னு அந்தக் காகிதத்தைத்தான் காட்டுவார். கடைசியில் கூட்டிட்டுப் போனப்போ ஹெச்பிஏ1சி 8.9. ஆறரையைத் தொட்டாலே நீரிழிவு. ரெண்டு மூணு மாசத்துச் சராசரி அது.

பிரிக்காத ரத்தத்தில் செல்லுங்க சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமா. அதுக்குத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப். (அதுவும் உடனே நிறுத்தாது, ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகுமாம்.) அன்னிக்குச் செலவைக் குறைக்க எல்லா டெஸ்டுக்கும் ஒரே மஞ்சள் மூடி டியூப்தான். அதிலிருக்கிற ஜெல், சுத்தவிட்டாத்தான் செல்லையும் சீரத்தையும் பிரிக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தையைப் போட்டுப் பார்த்தேன். குறைந்துசெல் மதிப்பு முறை, தேய்மானம் 7 சதவீதம். ஆரம்ப மதிப்பு 140-னு வெச்சுக்கிட்டா அஞ்சு மணி நேரத்தில் 97. கால்குலேட்டரை ரெண்டு தடவை தட்டினேன். சித்தப்பா டியூபில் நிஜமா இதுதான் நடந்துச்சான்னு நிரூபிக்க முடியாது. ஆனா ஆறே முக்காலுக்கு எடுத்த ரத்தம்னு ஃபார்மில் இருந்திருந்தா, மதியம் ஒரு மணிக்கு அதைக் கையில் வாங்கினவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பார். பத்து மணின்னு போட்டா மூணு மணி நேரம்தானே ஆகுது.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா மாத்திரை டப்பாவோடு அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வெச்சு, கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியா படிச்சார். மேலே ஒரு இடத்தில் விரல் நின்னுச்சு.

"ஏன்டா, பத்து மணிக்கு ரத்தம் எடுத்ததா போட்டிருக்கான்? பத்து மணிக்கு நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேனே..."

சித்தி சர்க்கரை போடாத காபியைக் கொண்டுவந்து வெச்சாங்க. நான் டம்ளரை எடுத்துக்கிட்டேன். இன்னும் சொல்லலை.