ஒன்பதேகால் மணி டைரி

2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்துப்போய், அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த லாரிகளை நம்பி உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் யூனிட்டுகளில் முதலில் ஓ.டி. நின்றது, அடுத்து இரவு ஷிஃப்ட், அதற்கடுத்து கான்ட்ராக்ட் ஆட்கள். அப்படிப்பட்ட ஒரு யூனிட்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் காட்டுப்பாக்கத்துக்காரர் ஒருவர். அதே மாதம் 20-ஆம் தேதி, கேட்டுக்கு வெளியே டீக்கடை டி.வி.யில் வேறொரு காட்சி ஓடியது. நிறுவனங்களுக்கான வருமான வரியை மத்திய அரசு குறைத்திருந்தது. சென்செக்ஸ் ஏறிக்கொண்டே போய், அன்று மாலை 1,921 புள்ளி உயர்ந்து முடிந்தது.

"மெஷின் நிக்குது, மார்க்கெட் மட்டும் எப்படிண்ணே ஓடுது?" என்று பக்கத்தில் நின்ற லேத் ஆபரேட்டர் கேட்டார். இவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது உறுத்தியது. பங்குச் சந்தைப் பேச்சை அவர் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

சில மாதங்களில் ஐம்பத்தெட்டு முடிந்து வேலையிலிருந்து வெளியே வந்தார். பி.எஃப்பும் கிராஜுவிட்டியும் சேர்ந்து கையில் ஒரு தொகை. அதில் பெரும்பகுதியைத் தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார். மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டிலும் நாலைந்து பங்குகளிலும் போட்டார். போட்ட கை ஈரம் காய்வதற்குள் கொரோனா வந்துவிட்டது.

2020 மார்ச் 23 திங்கட்கிழமையை அவர் மறக்கவில்லை. முந்தின நாள்தான் மக்கள் ஊரடங்கு. மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் பேருந்துச் சத்தம்கூட இல்லாமல் காட்டுப்பாக்கம் அப்படி அடங்கிக் கிடந்ததை அவர் அதுவரை பார்த்ததில்லை. சந்தை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பத்து சதவீதம் விழுந்து லோயர் சர்க்யூட் ஆனது. 45 நிமிடம் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்தபோதும் விழுந்தது. மாலையில் கணக்குப் பார்த்தால் 3,934 புள்ளி போயிருந்தது, சென்செக்ஸ் 25,981-இல் நின்றது. அன்று டி.வி.யில் பேசிய பலர் இன்னும் எவ்வளவு விழும் என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர் சொன்ன எண்ணைக் கேட்டு இவர் மறுநாளே பாதி ஃபண்ட் யூனிட்டுகளை விற்றார். சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தாண்டி நின்றது.

விற்றது கூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. சொன்னவர் அதற்கப்புறமும் தினமும் வந்து, முன்பு சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் புதிதாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவரைக் குடைந்தது. முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. அங்கே ஒரு துளை அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க கோ, நோ-கோ கேஜ் உண்டு. 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக் கூடாது. பார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நாளை லாரி நடுவழியில் நின்றால் அந்தத் தாள் தேடி வரும். வாயால் சொல்லும் எண்ணுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு தாள் இல்லை?

ஒரு பழைய எல்.ஐ.சி. டைரியை எடுத்துக் கோடு போட்டார். தேதி, சேனல், சொன்னவர், பங்கு, டார்கெட், எப்போதுக்குள். வலப்பக்கம் ஒரு கட்டம் காலி. ஆறு மாதம் கழித்து நிரப்புவதற்கு. அன்றிலிருந்து காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்போது டைரியும் திறக்கும்.

இதே காரியத்தை அமெரிக்காவில் ஒருவர் மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆல்ஃபிரட் கௌல்ஸ் என்ற செல்வந்தர், குடும்பச் சொத்தைக் கவனிப்பதற்காகப் பல சந்தை ஆலோசனைச் சேவைகளுக்குச் சந்தா கட்டிவந்தார். 1929 வீழ்ச்சியை அவை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, 16 சேவைகள் நாலரை வருஷத்தில் தந்த சுமார் 7,500 பரிந்துரைகளை எடுத்துக் கணக்குப் போட்டு 1933-இல் வெளியிட்டார். அவற்றின்படி வாங்கியிருந்தால், சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்கு 1.43 சதவீதம் பின்தங்கியிருக்க நேரிடும் என்றது அந்தக் கணக்கு. காட்டுப்பாக்கத்து டைரியில் அத்தனை வரிகள் இல்லை. ஆனாலும் வலப்பக்கக் கட்டங்கள் நிரம்ப நிரம்ப, தெரிந்தது ஏறக்குறைய அதே உருவம்தான்.

2024 ஜூன் முதல் வாரம் டைரியில் நான்கு பக்கம். மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகள் வந்த பிறகு சந்தை திறந்த திங்கட்கிழமை, 3-ஆம் தேதி, சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. "இன்னும் வாங்காதவர்கள் வண்டியைத் தவற விட்டுவிட்டார்கள்" என்ற தொனியில் பேச்சு. மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. 4,390 புள்ளி விழுந்தது. முதல் நாள் கடன் வாங்கி ஏறியவர்களுக்கு இரண்டாம் நாள் மார்ஜின் கேட்டுச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சென்செக்ஸ் திங்கட்கிழமை உயரத்தைத் தாண்டிவிட்டது. அந்த வாரம் டி.வி.யையே போடாமல் தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த அவர் மச்சினருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 ஏப்ரலிலும் இப்படியே. டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரியால் 7-ஆம் தேதி 2,227 புள்ளி போனது. 15-ஆம் தேதிக்குள் அறிவிப்புக்கு முன்பிருந்த இடத்துக்கு வந்துவிட்டது.

இதை வைத்து, விழுந்ததெல்லாம் ஒரு வாரத்தில் எழும் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. எழாமல் போன பங்குகளும் டைரியில் இருக்கின்றன. 1990-களில் புதுப் பங்கு வெளியீட்டு மோகத்தில் அவர் வாங்கிய ஒரு கம்பெனியின் சான்றிதழ் இன்னும் பீரோவில் கிடக்கிறது. அந்தக் கம்பெனி இல்லை.

பொய்த்துப்போன கணிப்பைவிட மோசமானது ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஒரு உத்தரவு போட்டது. ஒரு இந்தி வணிகச் சேனலில் விருந்தினராக வந்த நிபுணர்கள் சிலர், தாங்கள் என்ன பங்கைச் சொல்லப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சிலருக்குச் சொன்னார்கள், அவர்கள் முதலில் வாங்கி வைத்தார்கள், நிகழ்ச்சியைப் பார்த்த மக்கள் வாங்கி விலை ஏறியதும் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 7.41 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது அந்த உத்தரவு. செய்தியைப் படித்த இரவு அவர் தூங்கவில்லை. சோபாவில் டைரியோடு உட்கார்ந்திருக்கும் தன்னைப் போன்றவர்கள்தான் அந்த வியாபாரத்தின் கடைசிக் கண்ணி என்பது அவருக்கு உறைத்தது.

அவருக்கு அதிகம் வலிப்பது ஒரு பையனைப் பற்றியது. எஸ்டேட்டில் கூட வேலை பார்த்தவரின் மகன், திருவேற்காடு பக்கம். டெலிவரி வேலைக்கு இடையில் செல்போனில் ஆப்ஷன் வாங்கி விற்றான். டெலிகிராம் குரூப்பில் காலையில் ஒரு 'கால்' வரும், மதியத்துக்குள் முடிந்துவிடும். முதல் மாதம் பன்னிரண்டாயிரம் லாபம். ஏழாவது மாதம் அம்மாவின் வளையல் அடகில் இருந்தது. "பெரியப்பா, என் ஒருத்தனுக்குத்தான் இப்படி ஆகுதுன்னு நினைச்சேன்" என்றான். செபியின் ஆய்வை அவனுக்குப் படித்துக் காட்டினார்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், தலைக்குச் சராசரியாக இரண்டு லட்சம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்த எண்ணைக் கேட்டு அவன் அழுதான். தான் மட்டும் முட்டாள் இல்லை என்பதே அவனுக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

இந்தப் பையன்களைத் திட்டுவதில் அவருக்கு உடன்பாடு கிடையாது. 2020 மார்ச்சில் நாட்டில் டிமேட் கணக்குகள் நான்கு கோடி. 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டிவிட்டன. ஐந்து வருஷத்தில் வந்த இத்தனை பேருக்கும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேலை நிரந்தரமில்லை, வாடகை ஏறுகிறது, மெட்ரோ வருகிறது என்றதுமே காட்டுப்பாக்கத்தில் சென்ட் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்படி நிற்பவனிடம் உறுதியான குரலில் யாராவது ஒரு எண் சொன்னால் பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். அந்தக் குரலுக்கு உரியவருக்குத்தான் பொறுப்பு வேண்டும் என்பார்.

அதனால் இப்போது அவர் டைரியில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: செபி பதிவு எண். ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்று தொடங்க வேண்டும், ஆய்வாளர் என்றால் ஐ.என்.ஹெச். எண்ணைச் செபி இணையதளத்தில் தேடிப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். பதிவு இருப்பதால் கணிப்பு பலிக்கும் என்று அர்த்தமில்லை, புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கிறது என்றுதான் அர்த்தம். தெருவில் யாருக்காவது 'உத்தரவாத லாபம்' என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால், போனை வாங்கி அவரே பிளாக் செய்து கொடுக்கிறார். பணம் போய்விட்டது என்று வருபவர்களை முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வைத்து, பிறகு ஆவடி கமிஷனர் அலுவலகத்துக்குப் புகார் எழுத உதவுகிறார்.

டி.வி.யை நிறுத்திவிட்டாரா என்றால், இல்லை. ஒரு கம்பெனியின் காலாண்டுக் கணக்கை விளக்குகிறார்களா, ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஏன் குறைத்தது என்று சொல்கிறார்களா, நன்றாக உட்கார்ந்து கேட்பார். லேத் ஆபரேட்டர் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது: எஸ்டேட்டில் மெஷின் நின்றது அன்றைய ஆர்டருக்கு. மார்க்கெட் ஓடியது, வரி குறைந்ததால் வரப்போகும் வருஷங்களில் கம்பெனி கையில் மிஞ்சும் லாபத்துக்கு. டார்கெட் சொல்லும் கட்டம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேனாவை எடுப்பார்.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். கையில் மூன்று லட்சம் இருக்கிறது, மார்க்கெட் இறங்கியிருக்கிறதாம், இப்போது போடலாமா என்று கேட்டார்.

"இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்?"

"ஜூன்லங்க. பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ்."

"அப்ப பேங்க்ல எஃப்.டி. போட்டுடுங்க. ஜூன்ல மார்க்கெட் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது."

கீழ்வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்தார். ஒரு நிபுணர் ஜூன் மாதத்துக்கான நிஃப்டி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எண்ணையும் தேதியையும் டைரியில் எழுதினார்.