ஏரிப் பக்கம் இரண்டு தெரு

மத்திய அமெரிக்கத் தலைநகரங்களுள் மனாகுவாவைப் பார்க்க விரும்பிச் செல்பவர்கள் குறைவு. நிகராகுவாவுக்கு வரும் பயணிகள் விமானநிலையத்தில் இறங்கிய கையோடு கிரானாதாவுக்கோ லியோனுக்கோ வண்டியேறிவிடுகிறார்கள். அந்த இரு பழம்பெரும் நகரங்களின் ஓயாத பூசலைத் தணிக்க, இரண்டுக்கும் நடுவில் கிடந்த சிற்றூரான மனாகுவாவை 1852இல் தலைநகராக்கினார்கள். சமரசத்தின் பொருட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் என்பதாலோ என்னவோ, மனாகுவா தன்னைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை.

2017 ஜனவரியில் நாங்கள் அங்கே நான்கு நாட்கள் தங்கினோம். ஹூஸ்டனில் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்த இடத்தில், வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாமென்று அவர்தான் வற்புறுத்தி அனுப்பினார். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பெரியவர் காலமாகியிருந்தார். எங்களில் ஒருவருக்குத் தந்தை. மற்றவருக்கு, இருபதாண்டுகள் ஒரே கூரையின் கீழ் தமிழ் பேசி மகிழ்ந்த மாமனார். மனாகுவாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ரூபன் தாரியோ. நெரூதாவைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த நெரூதாவும் லோர்காவும் 1933இல் போனஸ் அயர்ஸ் விருந்தொன்றில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து பேசிப் புகழ்ந்தது தாரியோவைத்தான். 1867 ஜனவரியில் பிறந்த அக்கவிஞனுக்கு நாங்கள் சென்ற மாதம் 150 ஆண்டுகள் நிறைந்தன.

நாங்கள் தங்கிய விடுதியின் முகவரியை முதலில் கண்டபோது அச்சுப்பிழையென்றே எண்ணினோம். தெருப்பெயர் இல்லை, கதவிலக்கம் இல்லை. 'திரையரங்கு இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மேலே அரைத் தெரு, மஞ்சள் வீடு.' மனாகுவாவில் எல்லா முகவரியும் இவ்வாறே அமைகிறது. சோலோத்லான் ஏரி வடக்கில் இருப்பதால் 'ஏரிப் பக்கம்' என்றால் வடக்கு. 'மேலே' என்பது கதிரவன் ஏறும் கிழக்கு. 'கீழே' என்பது அவன் இறங்கும் மேற்கு. தமிழ் கற்பிப்பவருக்கு இது வியப்பும் குழப்பமும் ஒருசேரத் தந்தது. மலையிருக்கும் திசையை மேல் என்றும் கடலிருக்கும் திசையைக் கீழ் என்றும் கொண்டு மேற்கு, கிழக்கு என்று பெயரிட்டவர்கள் நாம். அவர்களுடைய மேல் நமக்குக் கீழ். நாம் நிலத்தைப் பார்த்துப் பெயரிட்டோம். அவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள்.

முகவரியின் முதற்சொல்தான் முக்கியமானது. திரையரங்கு 'இருந்த' இடம். இப்போது இல்லை. 1972 டிசம்பர் 23, நள்ளிரவு கடந்து அரைமணி ஆகும் நேரத்தில் 6.2 அளவிலான நிலநடுக்கம் நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1931இலும் இவ்வாறு ஒருமுறை அழிந்த ஊர்தான். இம்முறை நடுப்பகுதியை அவர்கள் மீண்டும் எழுப்பவில்லை. ஊர் அதைச் சுற்றி விலகிப் பரவியது. உலகம் அனுப்பிய நிவாரணத்தைச் சொமோசாவின் ஆட்சி விழுங்கியது. அந்தச் சினம் 1979 புரட்சிக்கு விறகானது. இவ்வளவுக்குப் பிறகும் வழிசொல்பவர்களின் நாவில் இடிந்த கட்டடங்கள் அப்படியே நின்றன. என்றோ பட்டுப்போன ஒரு சிறுமரத்தை வைத்து, 'மரம் இருந்த இடத்திலிருந்து' என்று இன்றும் வழி சொல்கிறார்கள்.

விடுதியின் உரிமையாளர் அறுபதைத் தொட்ட அம்மையார். நிலநடுக்கத்தின்போது பள்ளிச் சிறுமி. நாங்கள் போகவேண்டிய இடங்களைத் தாளில் வரைந்து கொடுத்தார். இருப்பவற்றுக்குக் கட்டம்; இல்லாதவற்றுக்கும் கட்டம்; வேறுபாடு ஏதுமில்லை. டாக்சி ஓட்டுநருக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். அந்தக் கட்டடங்களில் ஒன்றையும் அவர் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

பழைய பேராலயத்தின் இரும்புச் சட்டகம் பெல்ஜியத்திலிருந்து வந்தது. 1931 நடுக்கத்தின்போது சட்டகம் மட்டுமே நின்றிருந்ததால் தப்பியது. 1972இல் சுவர்கள் விரிசல்கண்டு வழிபாடு நின்றது. உள்ளே அனுமதியில்லை. கம்பிக்கதவு வழியாகப் பார்த்தால் தளத்தில் புல் முளைத்திருந்தது. மெக்சிகோவின் ரிகார்தோ லெகொரேதா வடிவமைத்த புதிய பேராலயம், 63 சிறு குவிமாடங்களுடன் 1993இல் வேறோரிடத்தில் எழுந்துவிட்டது. பழையதை இடிக்கவுமில்லை, செப்பனிடவுமில்லை.

அந்தச் சதுக்கத்து நிழலில் அமர்ந்துதான், நான்கு மாதங்களாகத் தள்ளிவைத்திருந்த பேச்சை எடுத்தோம். ஊரில் எங்கள் வீட்டு வாசலில் பெரியவரின் பெயர்ப்பலகை இருக்கிறது. அவர் பெயருக்கு ஓய்வூதிய அலுவலகக் கடிதமும் சிற்றிதழ்களும் வந்துகொண்டிருந்தன. எங்களில் வங்கியில் பணிபுரிபவருக்கு, அவர் மகளாகவே இருந்தபோதும், நடைமுறை தெரியும். இறந்தவர் கணக்கை முடிப்பது அன்றாட வேலை. பலகையை மாற்றிவிடலாம், ஒவ்வொரு நாளும் வாசலிலேயே அவரை இழக்க வேண்டியிருக்கிறது என்றார். மற்றவர், பலகையை எடுத்தால் அவர் இரண்டாம் முறை போய்விடுவார் என்றார். முடிவு எதுவும் எட்டாமலேயே எழுந்தோம்.

அன்று மாலை திஸ்காப்பா குன்றின்மேல் சந்தினோவைப் பார்த்தோம். அதுவும் சிலையன்று; அகன்ற தொப்பியணிந்த கரிய இரும்பு நிழலுரு. வடித்தவர் கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்தோ கார்தெனால். 1934 பிப்ரவரி 21 இரவு, இதே குன்றின் அதிபர் மாளிகையில் விருந்துண்டு இறங்கிய சந்தினோவைப் பிடித்துக் கொன்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கல்லறையில்லாதவனுக்கு நிழலுரு பொருத்தமே என்று தோன்றியது.

மறுநாள் அக்காவலிங்காவின் அடிச்சுவடுகள். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன், எரிமலைச் சாம்பற்சேற்றில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஏரியை நோக்கி நடந்து சென்ற தடங்கள், 1874இல் கண்டெடுக்கப்பட்டவை. எரிமலைக்கு அஞ்சி ஓடியவர்கள் என்று முன்பு நினைத்தார்கள். தடங்களுக்கிடையிலான தொலைவோ நிதானமாக நடந்தவர்களுடையது. சங்க காலத்துக் கால்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அந்தக் குழியின் விளிம்பில் நெடுநேரம் நின்றோம். எங்களில் மகளானவர் அழுதது அங்கேதான். இறுதிச்சடங்கின்போதுகூட அவர் அழவில்லை.

விடுதி முற்றத்தில் நம் கோயில்களில் காணும் ஈழத்தலரி பூத்திருந்தது. அங்கே அதன் பெயர் சாக்குவான்ஹோச்சே; நாட்டின் தேசிய மலர். அதன் தாயகம் அந்த மண்தான். நாம் அதை ஈழத்திலிருந்து வந்ததாக எண்ணிப் பெயரிட்டிருக்கிறோம். காலையில் அரிசியும் செம்பயறும் கலந்த காயோ பிந்தோவைப் பரிமாறிய அம்மையாரிடம் இதைச் சொன்னோம். பேத்தி மொழிபெயர்த்தாள். அவர் சிரித்துவிட்டு, பூவுக்கு முகவரி தவறினாலும் பூக்கத் தவறவில்லையே என்றார்.

இல்லாத திரையரங்கை ஏன் இன்னும் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டோம். துயரமான விடை வருமென்று எதிர்பார்த்தோம். 'எல்லாருக்கும் தெரிந்த இடம் அதுதானே' என்றார். அவருக்கு அது நினைவஞ்சலி அன்று, வழி. அந்த எளிய விடை எங்கள் இருவர் வழக்கையும் தீர்த்துவைத்தது. பலகை இன்றும் வாசலில் இருக்கிறது. அதன் கீழே எங்கள் பெயர்களைச் சேர்த்துக்கொண்டோம். கடைக்காரர்கள் இன்னமும் அவர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

அதன்பின் மனாகுவா பலவற்றை இழந்தது; இம்முறை நிலம் நடுங்காமலேயே. 2018 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020இல் கார்தெனால் மறைந்தார். 2017இல் செர்வாந்தெஸ் விருது பெற்ற நாவலாசிரியர் செர்ஹியோ ராமிரெஸ், கவிஞர் ஹியோகொந்தா பெய்யி உள்ளிட்ட 94 பேரின் குடியுரிமையை 2023 பிப்ரவரியில் அரசு பறித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இயேசு சபையினரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைக் கையகப்படுத்திப் பெயரையும் மாற்றியது. அதன் எதிரிலிருந்த நிறுத்தத்தில்தான் கிரானாதாவுக்குச் சிற்றுந்து ஏறினோம். புத்தகப்பையுடன் வெயிலில் நின்ற மாணவர்களைக் கல்லூரி ஆசிரியர்களுக்கேயுரிய உரிமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆணையால் ஒரு பெயரைப் பலகையிலிருந்து நீக்கிவிடலாம். ஆனால் அந்நகரத்து மக்கள், அரைநூற்றாண்டுக்கு முன் இடிந்த திரையரங்கிலிருந்து தெருக்களை எண்ணப் பழகியவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருந்த இடத்திலிருந்தும் யாரேனும் ஒருவர், ஏரிப் பக்கம் இரண்டு தெரு என்று வழி சொல்வார் என்றே நம்புகிறோம்.