ஒரு நாவலும் பத்தொன்பது நாட்களும்

சென்ற ரமலானுக்கு முந்திய வாரம், மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி அலங்காநல்லூருக்கு வந்திருந்தாள். கையில் ஒரு மெல்லிய நூல். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959-இல் வெளிவந்த நாவல். பாடமாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். தோழி படிக்கக் கொடுத்தாள் என்றாள்.

அந்நூலை நான் பலமுறை படித்தவன். வெளியூரில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த பேச்சு காளையைப் பற்றித்தான் இருக்கும். தை மாதத்து மூன்று நாள் ஆரவாரம் தவிர ஆண்டின் மற்ற நாட்களில் இங்கும் மனிதர்கள் பிறக்கிறார்கள், நெல்லும் கரும்பும் பயிரிடுகிறார்கள், மரணிக்கிறார்கள் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நானும் அப்படித்தான் அந்நாவலைக் காளைக்காகவே படித்து வந்திருக்கிறேன். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பேத்தி சொன்னாள்: “நன்னா, இது மாட்டுக் கதையா? அத்தாவைப் பறிகொடுத்த ஒரு பையனோட கதைல்ல.”

உண்மைதான். பிச்சி என்னும் வாலிபனின் தந்தை அம்புலியை ஜமீன்தாரின் காரிக்காளை குத்தி மாய்த்தது. அதே காளையை அணைய வேண்டுமென்று மகன் வருகிறான். தான் யார் மகன் என்பதை எடுத்த எடுப்பில் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளவில்லை. துக்கத்தையும் இரகசியத்தையும் ஒருசேர மடியில் கட்டிக்கொண்டு வாடிவாசலின் முன் நிற்கிறான். இத்தனை ஆண்டுகள் எனக்குப் புலப்படாதது பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரே வாசிப்பில் புலப்பட்டுவிட்டது.

அவள் அதோடு நிற்கவில்லை. “பிச்சிக்கு அவன் அத்தா எப்படி மவுத்தானாருன்னு தெரியும். அதனாலதானே அவனால அங்க போய் நிற்க முடிஞ்சது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். அது யாரை நோக்கிக் கேட்ட கேள்வி என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

என் மருமகன் சவூதி அரேபியாவில் வேலை பார்த்து வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு சாலை விபத்தில் வஃபாத்தானார். ஜனாஸாவை அங்கேயே நல்லடக்கம் செய்தார்கள். செய்தி வந்த பகலில் பேத்தி பள்ளியில் இருந்தாள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு தொடங்க மூன்று நாட்களே இருந்தன. வாடிப்பட்டியில் மகள் வீட்டில் ஆண்கள் கூடி என்ன செய்வதென்று திகைத்து நின்றபோது, “தேர்வு முடியட்டும், பிள்ளையிடம் இப்போது சொல்ல வேண்டாம்” என்று முதலில் வாய் திறந்தவன் நான். குடும்பத்தில் மூத்தவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பள்ளி வாசலிலிருந்தே அவளை அலங்காநல்லூருக்கு அழைத்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, உனக்கும் தொற்றிவிட்டால் தேர்வு எழுத முடியாது என்றேன். உண்மையில் அவள் அம்மா இத்தாவில் அமர்ந்திருந்தாள். ஒவ்வொரு தேர்வு நாளும் காலையில் நானே பேருந்தில் வாடிப்பட்டிக்கு அழைத்துப்போய்ப் பிற்பகலில் திரும்ப அழைத்து வந்தேன். அவர்கள் தெரு முனையைக் கடக்கும்போதெல்லாம் அவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் ஏதாவதொரு பாடத்தைப் பற்றி நான் கேள்வி கேட்பேன். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பின் அவளுடைய அத்தா தொலைபேசியில் பேசுவது வழக்கம். முதல் வெள்ளி பேச்சு வராதபோது, வேலை இடத்தை மாற்றியிருக்கிறார்கள், அங்கே தொடர்பு கிடைக்காது என்றேன். இரண்டாம் வெள்ளி அவள் கேட்கவே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்நாட்களில் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் அவள் கையேந்தித் தன் அத்தாவின் உடல்நலத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் துஆ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆமீன் சொல்லுங்க நன்னா” என்றாள். சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் கடைசித் தேர்வு. தேர்வு அறையிலிருந்து வெளியே வந்தவளை, கூடப் படித்த ஒரு பிள்ளையின் தாயார் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். அவர்மீது குற்றமில்லை. வீட்டிலுள்ளவர்கள் பெற்ற பிள்ளையிடமே சொல்லாதிருப்பார்கள் என்று எவர்தாம் எண்ணுவார்! பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகு, “எல்லாருக்கும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

நல்ல மதிப்பெண் பெற்றாள். அதைக் காட்டி என் யோசனையை மெச்சுவோர் எங்கள் குடும்பத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

இதில் எனக்குள்ள குற்றம் மற்றவர்களுக்கு உள்ளதைவிடப் பெரிது. ஏனெனில், மறைக்கப்பட்ட மரணம் ஒன்றின் பிள்ளை நான். என்னைப் பெற்றவர் எனக்கு நினைவு தெரியுமுன்னே இறந்துவிட்டார். அவருடைய தங்கையை அத்தா மணமுடித்தார். அவரையே நான் அம்மா என்று அழைத்து, அவர் கையாலேயே உண்டு வளர்ந்தேன். பராஅத் இரவுகளில் அத்தாவுடன் மையவாடிக்குப் போகும்போது, பாட்டியாரின் கபுருக்கு அருகே இன்னொரு மீசான் கல்லின் முன் அவர் நெடுநேரம் நிற்பார். யாருடையது என்று கேட்டால், “நமக்கு வேண்டியவங்க, ஓது” என்பார். என் பதினான்காம் வயதில் ஒரு திருமண வீட்டில், மையித்துகளைக் குளிப்பாட்டும் மூதாட்டி ஒருத்தி என் முகவாயைத் தொட்டு, பெற்றவளை உரித்து வைத்தாற்போல் இருக்கிறேன் என்றும் அவளைக் குளிப்பாட்டியது தான்தான் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வளர்த்த அம்மாவிடம் மட்டும் முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். ஏறக்குறைய ஓராண்டு அப்படியே இருந்தேன். ஒரு நாள் அடுப்படியில் அவரே சொன்னார். நான் தம்மைச் சின்னம்மா என்று அழைத்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் சொல்லவில்லை என்றார். தம் உடன்பிறந்த அக்காவுக்காக வாய்விட்டு அழவும் அவருக்கு அத்தனை ஆண்டுகள் வாய்ப்பில்லாது போயிருக்கிறது. அதை நினைத்துப் பார்க்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

பின்னாளில் கண்டி அறிஞர் சித்திலெப்பை மரைக்காரின் ‘அசன்பே சரித்திரம்’ படிக்கக் கிடைத்தபோது வியந்துபோனேன். 1838-இல் பிறந்து வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ ஏட்டைத் தொடங்கியவர். 1885-இல் அவர் வெளியிட்ட இந்நூல், வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு (1879) அடுத்துத் தமிழில் தோன்றிய நாவல் என்று ஆய்வாளர் கூறுவர். எகிப்தின் உயர்குடியில் பிறந்த குழந்தை கவரப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது. தான் யார் என்றறியாத அந்தப் பிள்ளை இளம் பருவத்தில் கல்கத்தாவை அடைந்து, முடிவில் எகிப்து சென்று பெற்றோரைக் காண்கிறது. வீரச் செயல்களும் வியப்புகளும் நிறைந்த கதைதான். மொழிநடையும் இன்றைய இளைஞருக்குக் கரடுமுரடாகவே இருக்கும். ஆயினும் தமிழ் முஸ்லிம் ஒருவர் நாவல் எழுத முற்பட்டபோது, பிறப்பின் மறைபொருளைத் தேடும் ஒரு வாலிபனையே நாயகனாகக் கொண்டார் என்பது எனக்குப் பெரிதாகப்பட்டது. பதினான்கு வயதில் அந்நூல் என் கைக்குக் கிடைத்திருந்தால், அந்த ஓராண்டு மௌனம் ஒரு மாதத்தோடு முடிந்திருக்கும்.

நம்மிடம் இதற்கு ஒரு சமாதானம் தயாராக உண்டு. பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அது குறைக்குச் சொன்னது. மரணம் என்ன குறையா? வமிசத்தின் உண்மையை மறைக்க மார்க்கம் இடம் தரவில்லை. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி அஹ்ஸாப் அத்தியாயம் பணிக்கிறது. துக்கத்தைக் காட்டக் கூடாது என்பதும் நம் மார்க்கத்தில் இல்லை. ஆறு வயதில் அன்னையை இழந்த நாயகம் (ஸல்) அவர்கள், பிற்காலத்தில் அன்னையின் அடக்கத்தலத்துக்குச் சென்று தாமும் அழுது உடனிருந்தோரையும் அழவைத்தார்கள். மகன் இப்ராஹீமின் மரணத்திலும் அவர்கள் கண்கள் கலங்கின.

திருமறை மிக அழகிய வரலாறு என்று குறிப்பிடும் யூசுஃப் அத்தியாயமும் ஒரு குடும்பத்தின் இரகசியமும் துக்கமும்தானே! அதில் இரண்டு மறைப்புகள் வருகின்றன. கனவை அண்ணன்மாரிடம் சொல்லாதே என்று யஃகூப் நபி மகனைக் காக்க மறைக்கச் சொல்கிறார்கள். அண்ணன்மாரோ பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து தந்தையிடம் உண்மையை மறைக்கிறார்கள். அழுது அழுது தந்தையின் கண்கள் வெளுத்துப்போகின்றன. பத்தொன்பது நாட்களும் நான் செய்தது முதல் வகை என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது ஓதும்போது சட்டைதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் உயிரோடிருந்தவரை இறந்துவிட்டார் என்றார்கள். நான் இறந்தவரை உயிரோடிருக்கிறார் என்றேன்.

எங்களூருக்கு வெகு தொலைவில் இல்லாத துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யையும் (2004) பேத்தி படித்திருக்கிறாள். மூடிய கதவுகளுக்குப் பின்னே பெரியவர்கள் குசுகுசுப்பதை ஒரு சிறுமி கேட்டுக் கேட்டு வளரும் கதை அது. அந்நூலைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் நானாகக் கொடுப்பேனா என்றால் தயங்குவேன். அதில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு. ஆனால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தும் கணத்தில் பிள்ளைகளின் செவி கூர்மையாகிவிடுகிறது என்று ஆசிரியர் காட்டியிருப்பதை என்னால் மறுக்க முடியாது. இரண்டாம் வெள்ளிக்கிழமை பேத்தி ஏன் கேட்கவில்லை என்பது அதைப் படித்த பிறகே எனக்குச் சந்தேகமாயிற்று. சிறுவருக்கென்று கதைகள் இருக்கின்றன, பெரியவருக்கென்று நாவல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பிள்ளைகளுக்கென்று நம் சமுதாயத்திலிருந்து எழுதுவோர் அரிது. அவர்கள் கைக்கு அகப்பட்டதைப் படித்துத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பேத்தியை அழைத்து உட்காரவைத்தேன். பிச்சியைப் பற்றிய அவள் கேள்விக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, மீசான் கல்லில் தொடங்கி அடுப்படிவரை என் கதையைச் சொன்னேன். என் மகளுக்கே அதில் பாதிதான் தெரியும். அவளும் கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் பேத்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவங்க பேரு என்ன நன்னா?”

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. சொன்னேன். அவள் ‘வாடிவாசலின்’ பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். பிறகு அது தோழியின் புத்தகம் என்ற நினைவு வந்து, அழித்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆமீனைப் பற்றி அன்று அவளிடம் நான் சொல்லவில்லை. இந்த இதழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. விடுமுறைக்கு வந்தால் அவள்தான் முதலில் பிரிப்பாள்.