துடிப்புகளுக்கு நடுவே

பெங்களூரு நகரம் காபிக்கு எழும் முன்பே ரேஸ் கோர்ஸில் குளம்பொலி கேட்கத் தொடங்கிவிடும். பயிற்சி முடிந்து வியர்வை வழிய லாயத்துக்குத் திரும்பும் குதிரை, தீவன வாளியில் முகம் புதைக்கிறது. பார்ப்பவருக்கு அது நிம்மதி. உண்மையிலேயே நிம்மதிதானா?

குதிரை அதைக் காட்டிக்கொள்ளாது. வேட்டையாடப்பட்ட இனம் அது. திறந்த புல்வெளியில் நொண்டுவதாகத் தெரிந்த குதிரைதான் முதலில் இரையாகும். அந்தப் பழக்கம் லாயத்துக்கு வந்த பிறகும் போகவில்லை. காதின் திருப்பம், மூக்கின் விடைப்பு என்று சிலவற்றை அனுபவப்பட்ட குதிரைக்காரர் படித்துவிடுவார். மீதி நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும்.

அங்கேயே காது வைத்துக் கேட்கலாம் என்கிறது விஞ்ஞானம். ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 28 முதல் 44 முறை துடிக்கும். பந்தய ஓட்டத்தில் 200-ஐத் தாண்டும். ஆனால் சங்கதி எண்ணிக்கையில் மட்டும் இல்லை, இடைவெளியிலும் இருக்கிறது. அமைதியான இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள நேரம் மில்லி செகண்ட் கணக்கில் கூடிக் குறையும். வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியும் பிடிப்பதன் விளைவு இது. அச்சமோ வலியோ வந்தால் அந்தப் பிடி நழுவும். துடிப்பு வேகமாகி, ஒரே சீராகிவிடும். ஒழுங்கே இங்கே அபாய அறிகுறி. நல்ல பயிற்சி பெற்ற குதிரை நிம்மதியாக நிற்கும்போது ஒரு துடிப்பே விடுபடுவதும் உண்டு. பெரும்பாலும் அது நோயல்ல; நடக்கத் தொடங்கினால் சரியாகிவிடும்.

மார்பைச் சுற்றி மின்முனைகள் கொண்ட ஒரு பட்டை, கருவி அவ்வளவுதான். வண்டியில் ஏற்றிச் செல்லும்போது இந்த ஏற்ற இறக்கம் குறைவதை ஐரோப்பிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் வெறுமனே ஓடினாலும் அது குறையும். குதிரைக்குக் குதிரை அளவும் மாறும். எனவே ஒவ்வொன்றையும் அதன் சொந்த அமைதியோடுதான் ஒப்பிட வேண்டும். சிக்கலே அதுதான். மந்தையாக வாழப் பிறந்து, நாளின் பெரும்பகுதியைத் தனிக் கொட்டடியில் கழிக்கும் விலங்குக்கு அமைதியான வேளை எது?

பந்தயப் புத்தகத்தில் குதிரையின் வயது, வம்சம், சுமக்கும் எடை எல்லாம் உண்டு. அதன் மனநிலைக்கு ஒரு கட்டமும் இல்லை. அளக்கக் கருவி வந்துவிட்டது. அது ‘இன்று வேண்டாம்’ என்று காட்டும் நாளில், பணம் கட்டக் கூட்டம் காத்திருக்கும்போது, குதிரையை லாயத்திலேயே நிறுத்திவைக்க ஒரு மனிதர் வேண்டும்.