நாக்கின் அடியில் ஐந்து சொட்டு

ஒற்றைத் தலைவலிக்குச் சாட்சி கிடையாது. காய்ச்சலென்றால் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். கை ஒடிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். தலையின் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்க, டியூப் லைட் வெளிச்சம் கண்ணில் ஊசியாக இறங்க, குக்கர் விசில் கேட்டாலே குமட்டிக்கொண்டு வர, இருட்டறையில் சுருண்டு கிடப்பவரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ‘நார்மல்’ என்றுதான் வரும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீடும் அலுவலகமும் தீர்ப்பு எழுதிவிடுகின்றன: வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறாள். ‘படுத்திருக்கிறான்’ என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. ஆண்களைவிடப் பெண்களை இந்த நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது. கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வயதுவந்தவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும், வலிப்பு நோய்க்கோ இதய நோய்க்கோ கிடைக்கும் மரியாதை இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

மரியாதை கிடைக்காத நோய்க்கு வைத்தியம் மட்டும் ஏராளம். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி தில்லிக்குப் போன, அங்கே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் நாற்பத்து நாலு வயது ஆசிரியை ஒருவர் பத்தொன்பது வருடமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மகன் பிறந்த அடுத்த வருடம் தொடங்கிய வலி அது. மாமியார் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். “பித்தம்தான் தலைக்கு ஏறியிருக்கு. அந்தக் காபியை முதல்ல நிறுத்தும்மா” என்பது அவருடைய நிரந்தரத் தீர்ப்பு. கணவருக்குத் தெரிந்தது அமிர்தாஞ்சனம். டாக்டர்கள் முதலில் கொடுத்த புரோப்ரனலாலில் தலைசுற்றல் வந்தது. அடுத்து வந்த ஃப்ளூனரிஸினில் எடை ஏறியது, பகலிலும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கடைசியாக மூன்று வருடமாக வால்ப்ரோயேட் மாத்திரை. வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை என்று தெரிந்த நாளில் மாமியார் ஒரு வேளை சாப்பிடவில்லை.

இதெல்லாம் தினசரி விழுங்கும் தடுப்பு மருந்துகள். வலி வந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது கைப்பையில் ஒரு பட்டை வலிநிவாரணி. மே மாதத்து தில்லி வெயில், பக்கத்து வகுப்பு டீச்சரின் சென்ட், காலையில் சாப்பிடாமல் ஓடுவது, ஏகாதசிப் பட்டினி, தூக்கம் கெட்ட இரவு - எது வேண்டுமானாலும் அவருக்கு வலியைக் கிளப்பும். வலி வரும்போல் இருக்கிறதே என்ற பயத்திலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும் நாட்களும் உண்டு.

சி.பி.டி. எண்ணெய் என்ற பேச்சு ஆசிரியர்கள் அறையில்தான் முதலில் வந்தது. அல்மோராவைச் சேர்ந்த சக ஆசிரியை ஒருவர் டப்பாவில் கொண்டுவரும் ‘பாங் கீ சட்னி’ குமாவோன் வீடுகளில் சாதாரணம். கஞ்சாச் செடியின் விதையை வறுத்து அரைத்துச் செய்வது. அதில் போதை இல்லை. அந்தப் பேச்சு நீண்டு, அவருடைய அண்ணிக்கு ஏதோ சொட்டு மருந்து போட்டுத் தலைவலி போனது வரை வந்தது. பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகனிடம் போனில் சொன்னால், அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “அம்மா, இது போதை இல்லம்மா. செடியில இருந்து மருந்தை மட்டும் தனியா எடுக்கறாங்க” என்றான். பாதி சரி.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மையுள்ள வேதிப்பொருட்கள் உண்டு. அவற்றில் பேர்பெற்றவை இரண்டு. டி.எச்.சி. போதை தருவது. சி.பி.டி. எனப்படும் கன்னாபிடியால் போதை தராதது. இரண்டின் வேதி அமைப்பையும் 1960களில் தெளிவாக்கியவர் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம். ஆனால் செடியை நவீன மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்திய ஊர் கல்கத்தா. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் ஓஷாக்னசி, இங்குள்ள வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1839ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பிறந்து நாற்பது நாளான ஒரு பெண் குழந்தையின் வலிப்பை அடக்கிய விவரம் இருக்கிறது. (பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவரும் இதே மனிதர்தான்.) அவர் மூலம் மருந்து லண்டன் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலே மைக்ரேனுக்கு இந்தியக் கஞ்சாவைச் சிபாரிசு செய்தது. வெள்ளைக்கார அரசு 1893ல் ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவோடு பயன்படுத்தினால் பெரிய கேடில்லை, தடை தேவையில்லை என்று முடிவு கண்டது. அதே 1893ல்தான் பம்பாயில் அமிர்தாஞ்சனமும் பிறந்தது. அது எல்லார் வீட்டு அலமாரியிலும் தங்கிவிட்டது. கஞ்சா மருந்துப் பெட்டியிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

1985ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனிகளை. பிசின் சரஸ், அதுவும் குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. இலைதான் பாங். அதனால்தான் ஜெய்சால்மரில் அரசு அனுமதி பெற்ற பாங் கடையில் போர்டு மாட்டி விற்கிறார்கள், தமிழ்நாட்டில் அதே செடியின் பெயரைச் சொன்னாலே பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்துகிறார்கள். இந்த இலைச் சந்து வழியாகத்தான் சி.பி.டி. எண்ணெய் கடைக்கு வருகிறது, ‘விஜயா’ என்ற ஆயுர்வேதப் பெயரைச் சூடிக்கொண்டு. மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில், நச்சுத்தன்மையுள்ள மூலிகைகள் வரிசையில் விஜயாவும் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்று லேபிளில் அச்சிட்டாக வேண்டும். மேற்பார்வை எவ்வளவு நேரம் என்று விதி சொல்லவில்லை.

ஆசிரியைக்கு வந்த முதல் பாட்டில் அந்த விஜயாவே இல்லை. இலைப் படம் போட்ட பச்சை லேபிள், ‘ஹெம்ப் ஆயில்’ என்று பெரிய எழுத்து. நாக்கின் அடியில் காலை ஐந்து சொட்டு, இரவு ஐந்து சொட்டு விட்டுக்கொண்டார். கணக்கு டீச்சர் என்பதால் ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டார். முந்தைய மாதம்: தலைவலி 16 நாள், வலி மாத்திரை 19 நாள். எண்ணெய் மாதம்: தலைவலி 11 நாள், மாத்திரை 8 நாள். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு மாதம் வந்ததில்லை. மாமியாரே பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன எழவு எண்ணெயோ, கேட்டிருக்கே, விடாதே” என்றார்.

தீபாவளி விடுமுறைக்கு வந்த மகன்தான் லேபிளின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தான். அது விதை எண்ணெய். அல்மோரா சட்னியில் இருக்கும் அதே விதையைச் செக்கில் ஆட்டியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021ல் சாப்பாட்டுப் பொருளாக அனுமதித்தது இதைத்தான். சி.பி.டி. அதில் பெயருக்குக்கூட இருக்காது. ஒரு மாதமாக அவர் நாக்கின் அடியில் விட்டுக்கொண்டது, நல்லெண்ணெய்க்கு அண்ணன் தம்பி முறையான ஒரு சமையல் எண்ணெய்.

சிலர் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. சமையல் எண்ணெயே இவ்வளவு கேட்டால் நிஜ மருந்து எவ்வளவு கேட்கும் என்ற யோசனை யாருக்கும் வரக்கூடியதே. இந்த முறை விஜயா. விற்றவர்களே ஏற்பாடு செய்த ஆயுர்வேத டாக்டர் வீடியோவில் நாலு நிமிடம் பேசி, சீட்டு எழுதிக்கொடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

10 மில்லி பாட்டில், 1,000 மில்லிகிராம் சாறு. அதில் சி.பி.டி.யோடு டி.எச்.சி.யும் இருந்தது, லேபிளில் விகிதம் போட்டிருந்தார்கள். இரவில் தூக்கம் நன்றாக வந்தது. காலையிலும் அது போக மறுத்தது. பத்தாம் வகுப்பில் போர்டில் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தவருக்கு அடுத்த வரி வரவில்லை. முன் பெஞ்சுப் பெண் எழுந்து சொன்னாள். மாதக் கடைசியில் நோட்டு சொன்னது: தலைவலி 10 நாள், மாத்திரை 9 நாள். சில ஆயிரம் ரூபாய் மருந்தும் சமையல் எண்ணெயும் கிட்டத்தட்ட ஒரே மார்க் வாங்கியிருந்தன.

நோட்டையும் இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு பழைய நரம்பியல் டாக்டரிடம் போனார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு ஆச்சரியம். டாக்டர் நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு ஒரு கணக்குப் போடச் சொன்னார். ஒரு மில்லிக்குச் சுமார் இருபது சொட்டு. அப்படியானால் ஒரு சொட்டில் 5 மில்லிகிராம், நாளைக்குப் பத்துச் சொட்டில் 50 மில்லிகிராம். அமெரிக்காவில் 2018ல் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்தை அங்கீகரித்தார்கள். ஓஷாக்னசியின் நாற்பது நாள் குழந்தைக்குப் பிறகு நூற்றெழுபத்தொன்பது வருடம் கழித்து. அதில் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். அறுபது கிலோ எடைக்கு 600. இந்த பாட்டில் இரண்டு நாள்கூட வராது.

அதுவும் வலிப்புக்கு. மைக்ரேனுக்கு? 2024ல் கலிபோர்னியாவின் சான்டியேகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 92 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகளை அறிவித்தார்கள். வலி வந்த நேரத்தில் கஞ்சாவைச் சூடாக்கி ஆவியாக உள்ளிழுப்பது; எதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்ததில் இரண்டு மணி நேரத்தில் வலி குறைந்தது. சி.பி.டி. மட்டும் மிகுந்தது, மருந்தில்லாத வெற்று ஆவியைவிடத் தேறவில்லை. வெற்று ஆவியிலும் கணிசமானவர்களுக்கு வலி விட்டது என்பது இதில் கவனிக்க வேண்டியது. மைக்ரேன் ஏமாறத் தயாராக இருக்கும் நோய். அதனாலேயே அதற்கு எதை விற்பதும் சுலபம்.

ஆனால் ஆசிரியையின் வலி குறைந்தது நிஜம். அதற்கு டாக்டர் காட்டியது நோட்டின் மாத்திரைப் பத்தியை. சாதாரண வலி மாத்திரையை மாதம் பதினைந்து நாளோ, இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரையைப் பத்து நாளோ, அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அவருடைய 19 நாள் அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம். பாட்டில் வந்ததும், எண்ணெய் வேலை செய்யட்டும் என்று காத்திருந்தார். பயத்தில் போடும் மாத்திரைகள் நின்றன. 19 எட்டாகியது. “உங்களுக்கு நல்லது பண்ணினது எண்ணெய் இல்லம்மா, நீங்க போடாம விட்ட பதினோரு நாள் மாத்திரையா இருக்கலாம்” என்றார் டாக்டர்.

அடுத்துக் கேட்டதுதான் அவரைக் கலக்கியது. வால்ப்ரோயேட்டை நிறுத்தவில்லையே? இல்லை, இரண்டும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. வலிப்பு மருந்துச் சோதனைகளில் சி.பி.டி.யும் வால்ப்ரோயேட்டும் சேர்ந்தபோது கல்லீரல் என்சைம்கள் ஏறியது பதிவாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய அளவு இவர் சாப்பிடவில்லை என்றாலும் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரிப்போர்ட்டில் என்சைம்கள் இயல்பைவிடச் சற்று அதிகம். வால்ப்ரோயேட் தனியாகவும் அதைச் செய்யக்கூடியது. சொட்டா, மாத்திரையா என்று ரிப்போர்ட் சொல்லாது. சொட்டு நின்றது. மாத்திரையின் அளவு குறைந்தது. ஆறு வாரத்தில் என்சைம்கள் பழைய நிலைக்கு வந்தன.

மாமியாருக்குத்தான் மனசில்லை. கேட்ட மருந்தை ஏன் நிறுத்த வேண்டும்? அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் மருமகளின் தலைவலியை எண்ணிப் பார்த்ததில்லை. பாட்டில் வந்த பிறகுதான் “இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?” என்று தினமும் கேட்டார்கள்.

இப்போது வலி மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கிடையாது. வலி தொடங்கிய அரை மணிக்குள் ஒரு சுமாட்ரிப்டான். ஏகாதசிக்கு மாமியார் மட்டும் பட்டினி. மருமகளுக்கு ஏழு மணிக்கே இட்லி தட்டில் வந்துவிடுகிறது. மாத்திரையைக் குறைத்த முதல் இரண்டு வாரம் வலி முன்னைவிட மோசமாக இருந்தது, அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திய மார்ச் மாதத்தில் நோட்டின் கணக்கு: தலைவலி 8 நாள், மாத்திரை 6 நாள். விதை எண்ணெயில் மீதி இருந்ததை அல்மோரா டீச்சர் வாங்கிக்கொண்டு போய்ச் சாலட்டில் ஊற்றிக்கொண்டார்.