உள்விளிம்பு

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். மண் சரியாக வேகாவிட்டால், கிளேஸ் படாத அடிப்பக்கம் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்பது எனக்கு அத்துப்படி. ஆகவே, படகில் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

நல்லூரில் ஏரிமீன் பிடிக்கும் பெரியவர் ஒருவருக்கு, எனக்கு மாமா முறை, பிளைவுட் படகு செய்து கொடுத்தேன். பலகையில் ஏமாற்றவில்லை, ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்தான். அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும். ஆனால் பசைதான் தாங்கும், மரம் தண்ணீரைக் குடிக்கும். 1980களில் குமரி மாவட்டம் முட்டத்தில் கடலுக்கே பிளைவுட் வள்ளம் கட்டியவர்கள், பலகைகளைக் கம்பியால் தைத்து, இணைப்பை ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூடினார்கள். நானும் அந்த முறையில்தான் கட்டினேன்.

வெட்டிய விளிம்புதான் ஆபத்தான இடம். மரத்தின் நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கும். ரெசின் பூசினால் உள்ளே இழுத்துக்கொள்ளும்; இழுப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். ஆணித்துளைக்கும் அப்படியே. வெளிப்பக்கம் முடிந்தபோதே என்னிடம் ரெசின் தீர்ந்துவிட்டது. இன்னொரு டப்பா வாங்கினால் லாபம் போய்விடும். உள்விளிம்புகளில் பட்டி பார்த்து, மேலே நீல எனாமல் அடித்தேன்.

"உள்ளயும் ரெசின் அடிச்சிட்டியா மாப்ள?"

"அடிச்சாச்சு மாமா."

மழைக்காலம் முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார். அடிப்பலகையின் உட்பக்கம் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் கீறியதும் நார்நாராக வந்தது. காரணம் பார்த்தவுடனே புரிந்தது. "கல்லுல தட்டியிருக்கும் மாமா, பாத்துக் கரை சேத்திருக்கணும்" என்றேன். ஒட்டுப்போட்ட செலவையும் அவர்தான் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ரெசினில் மிச்சம் பிடித்த காசைவிட இந்தக் காசுதான் என்னை அறுக்கிறது.

போன வாரம் போய் உண்மையைச் சொன்னேன். "அப்ப நான் கல்லுல மோதலியா?" என்று இரண்டு முறை கேட்டார். கண் மங்கிவிட்டது என்று நினைத்து, இத்தனை நாளும் துடுப்பை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடிப்பலகையை என் செலவில் மாற்றுகிறேன். விளிம்புக்கு ரெசின் பூசும்போது பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றார்.